'அனுப்பியாச்சுங்க' என்பதற்கு இங்கிலீசில் என்ன? பனியன் கம்பெனிக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் ஆளாக, சேர்ந்து எனக்கு அது நாலாவது மாதம். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பேக்கிங் முடிந்து, கடைசி அட்டைப்பெட்டியும் ஏறி, லாரி கேட்டைத் தாண்டித் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. முதலாளி போனில் கேட்டார். "அனுப்பியாச்சுங்க" என்றேன். அந்தக் கையோடு பையருக்கும், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரருக்கும், ஒரு மெயில் தட்டினேன்: சரக்கு 'ஷிப்டு'. வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

கப்பல் கிளம்பியது எட்டு நாள் கழித்து. சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் அந்தத் தேதிதான் விழுந்தது. பையரோ வெள்ளிக்கிழமையைக் கணக்கில் வைத்து, கடைகளுக்கெல்லாம் தேதி சொல்லிவிட்டிருந்தார். பொய் சொன்னவனுக்கு எழுதுகிற மாதிரி ஒரு பதில் வந்தது. கடைசியில் விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் விட்டார்கள். முதலாளி திட்டவில்லை. "ஏந்தம்பி, லாரி ஏறுனா அனுப்புனதா, கப்பல் ஏறுனா அனுப்புனதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

தமிழில் இரண்டும் அனுப்பினதுதான். ஆள் விட்டாலும் அனுப்புவது, வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டாலும் அனுப்புவது, வந்த மெயிலை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டாலும் அனுப்புவது. இங்கிலீஷ்காரர்கள் இதை சென்ட், டெஸ்பாட்ச், ஷிப், ஃபார்வர்ட் என்று நாலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சரக்கு கம்பெனியை விட்டுக் கிளம்பும் நாள் எக்ஸ் ஃபேக்டரி தேதி. சரக்கைக் கப்பலில் ஏற்றிவிட ஏற்பாடு செய்யும் ஏஜெண்டான ஃபார்வர்டரிடம் ஒப்படைக்கும் நாள் ஹேண்டோவர். கப்பலில் ஏறிய நாள்தான் ஏற்றுமதித் தொழிலில் ஷிப்மென்ட் தேதி. பையரின் குடோனில் இறங்கும் நாள் டெலிவரி. ஆன்லைனில் செருப்பு வாங்கினால் குடோனை விட்டுக் கிளம்பியதுமே 'ஷிப்டு' என்று மெசேஜ் வருகிறது. அந்தப் பழக்கத்தில்தான் நானும் எழுதினேன். செருப்புக்கு அது சரி, பனியனுக்குச் சரிவராது. எஃப்.ஓ.பி. (ஃப்ரீ ஆன் போர்டு) விலையில் ஆர்டர் எடுத்தால், துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறும் வரை செலவும் பொறுப்பும் நம்முடையது. ஏறிய பிறகு பையருடையது. அதனால் எந்த நாள் எது என்பது காசு விஷயம்.

காங்கேயம், தாராபுரம், கோபி, பெருந்துறை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து தமிழ் வழியில் படித்துவிட்டு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் ஆபீஸ் வேலைக்கு வருகிறார்கள். 'எனக்கு இங்கிலீஷ் வராதுங்க' என்றுதான் முதல் நாள் ஆரம்பிப்பார்கள். பாதி உண்மைதான். கிராமர் தப்பைப் பையர்கள் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, பையர்களில் பாதிப் பேருக்கே இங்கிலீஷ் தாய்மொழி கிடையாது. ஆர்டரைக் கவிழ்ப்பது பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் அதன் பங்காளியை எழுதிவிடுவோம். அப்படி மாறிப்போகும் ஒவ்வொரு ஜோடிக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரே ஒரு தமிழ்ச் சொல் நிற்கும். அதைப் பிடித்தால் வேலை முடிந்தது. எப்படிப் பிடிப்பது என்று நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தின் தலைப்பில் இங்கிலீஷ் சொல்லை எழுதாதீர்கள், தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். ஏனென்றால் இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் அகராதியில் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். ரெஃப்யூஸ் என்று தேடினாலும் 'மறு', டினை என்று தேடினாலும் 'மறு', ரிஜெக்ட் என்றாலும் 'மறு'. மூன்றும் ஒன்றுதான்போல என்று மனது முடிவு கட்டிவிடும்.

பழகிக்கொள்ள 'பார்' என்று ஒரு பக்கம் ஆரம்பியுங்கள். கண்ணில் தானாகப் பட்டால் சீ. கண்ணைத் திருப்பிப் பார்த்தால் லுக். ஓடுகிற ஒன்றை, நடக்கிற ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் வாட்ச். கிரிக்கெட்டை டிவியில் வாட்ச் பண்ணுகிறோம், சாம்பிளை லுக் பண்ணுகிறோம், அதில் ஓட்டை இருப்பதை சீ பண்ணுகிறோம். அடுத்த பக்கம் 'கேள்'. காதில் விழுந்தால் ஹியர், காது கொடுத்துக் கேட்டால் லிசன், வாய் திறந்து கேட்டால் ஆஸ்க். காதும் வாயும் தமிழில் ஒரே வினையில் அடங்குவது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

இதை வைத்துத் தமிழில் சொல் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். நெல், அரிசி, சோறு மூன்றையும் அவர்கள் ரைஸ் என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அப்பாரையும் அப்புச்சியையும் கிராண்ட்ஃபாதர் என்கிறார்கள். அப்பாவைப் பெற்றவரா, அம்மாவைப் பெற்றவரா என்று தனியாகக் கேட்டால்தான் தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் குரும்பை, இளநீர், தேங்காய், கொப்பரை என்று ஒரே காய்க்கு வயதுக்கொரு பெயர் இருக்கிறது. யாருக்கு எது பிழைப்போ அங்கே சொல் பிரிகிறது.

அப்புறம் கேள்வி

ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு மூன்று இங்கிலீஷ் சொற்கள் கிடைத்துவிட்டன. எதை எழுதுவது? அவற்றைப் பிரிக்கும் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து, நோட்டில் அதைத்தான் எழுத வேண்டும். அர்த்தம் எழுதினால் மறந்துபோகும், கேள்வி மறக்காது.

அடிக்கடி உதவும் கேள்வி: யார் பக்கம் நின்று சொல்கிறோம்? கடன் விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததே. கைமாத்து கொடுப்பவர் லெண்ட் பண்ணுகிறார், வாங்குபவர் பாரோ பண்ணுகிறார். இதைவிட மோசமாக அடிப்பது 'விலை'. ஒரு புதுப் பையன் பையருக்கு 'அவர் காஸ்ட் இஸ் 3 டாலர்' என்று எழுதிவிட்டான். அவன் சொல்ல நினைத்தது நாங்கள் கேட்கும் விலை. பையர் படித்தது எங்களுக்கு ஆகும் அடக்கச் செலவு. "அடக்கமே 3 என்றால் கொஞ்சம் லாபம் சேர்த்து இவ்வளவு தருகிறேன்" என்று அவர் கணக்குப் போட்டுப் பேசினால் நாம் சந்தோஷப்படலாம். ஆனால் அவர் அப்படிப் போடவில்லை. "அடக்கத்தைக் காட்டுங்கள், நூல் எவ்வளவு, டையிங் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு" என்று காஸ்டிங் ஷீட்டையே கேட்டுவிட்டார். நாம் செய்ய ஆவது காஸ்ட், நாம் கேட்பது ப்ரைஸ். அதே 3 டாலரைப் பையர் தன் ஆபீசில் 'காஸ்ட்' என்று சொல்லலாம், அவருக்கு அது செலவு. அதனால்தான் யார் பக்கம் என்று கேட்கச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி: எப்போது நடந்தது? நம் செக்கிங் டேபிளில் கெட்ட பீஸ் எல்லாமே 'டேமேஜ்'தான். நிட்டிங்கில் ஊசி உடைந்து விழுந்த ஓட்டையும் டேமேஜ், எண்ணெய்க் கறையும் டேமேஜ், தையல் விட்டுப்போனதும் டேமேஜ். இங்கிலீசில் செய்யும்போதே வந்த குறை டிஃபெக்ட். நல்லதாகச் செய்து முடித்த பிறகு, வழியிலோ குடோனிலோ, கெட்டுப்போனது டேமேஜ். பெட்டியைப் பிளேடால் திறக்கும்போது மேல் பனியன் கிழிந்தால் அது டேமேஜ். பையர் 200 பீஸ் 'டிஃபெக்டிவ்' என்று எழுதினால் கை நம்மை நோக்கி நீள்கிறது. 'டேமேஜ்டு' என்றால் லாரிக்காரர், கப்பல், இன்சூரன்ஸ் என்று பேச்சு வேறு பக்கம் போகும். நாமே முந்திக்கொண்டு தப்பான சொல்லை எழுதிவிட்டால் பிறகு வாதாட முடியாது.

'பில்' கதையும் இதே நேரக் கேள்விதான். வேலைக்கு முன்னால் உத்தேசமாகச் சொல்வது எஸ்டிமேட், கூடக் குறைய ஆகலாம். இந்த விலைக்குச் செய்கிறேன் என்று எழுதிக் கொடுப்பது கொட்டேஷன், அவர்கள் ஒத்துக்கொண்டால் அந்த விலையில் நாம் நின்றாக வேண்டும். சரக்கோடு பணம் கேட்டுப் போவது இன்வாய்ஸ். சரக்குக்கு முன்னாலேயே போவது ப்ரொஃபார்மா இன்வாய்ஸ். பணம் வந்த பிறகு கொடுப்பது ரிசீட், நம் பழைய ரசீது. கோயம்புத்தூரில் பம்ப் விற்கும் கம்பெனியில் சேர்ந்தாலும் இந்த வரிசை மாறாது.

மூன்றாவது கேள்வி: எதிலிருந்து, எதற்காக? 'பாதுகாப்பு' என்ற சொல்லில் நானே வழுக்கி விழுந்திருக்கிறேன். கம்பெனியைச் சோதித்துப் பார்க்கும் ஆடிட்டுக்கு முன்னால் ஒரு பையர் கேள்விப் படிவம் அனுப்பினார். உங்கள் 'செக்யூரிட்டி' ஏற்பாடுகள் என்ன என்று ஒரு பக்கம். நான் உட்கார்ந்து தீயணைப்பான் எத்தனை, தையல் மெஷினில் ஊசிக்கு மறைப்பு உண்டு, கட்டிங் மாஸ்டருக்கு இரும்பு வலைக் கையுறை உண்டு என்று பெருமையாக நிரப்பினேன். அதெல்லாம் சேஃப்டி. விபத்திலிருந்து ஆளைக் காப்பது. செக்யூரிட்டி என்றால் கெட்ட எண்ணத்தோடு வருபவனிடமிருந்து காப்பது: வாட்ச்மேன், கேமரா, கேட் பூட்டு, கண்டெய்னருக்குப் போடும் சீல். தீ தானாகப் பிடித்தால் சேஃப்டி, எவனாவது வைத்தால் செக்யூரிட்டி என்று அன்றைக்கு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நம் தொழிலின் சொற்கள்

'நூல்' என்பதற்குப் புத்தகம் என்றும் பொருள் உண்டு, அதை விட்டுவிடுவோம். பஞ்சு ஃபைபர். அதை முறுக்கி மில்லில் எடுப்பது யார்ன், அதிலிருந்துதான் துணி பின்னுகிறோம், நெய்கிறோம். அந்த யார்னை இரண்டு மூன்று இழையாகச் சேர்த்து முறுக்கி, தைப்பதற்கென்று செய்தது த்ரெட். 'எங்கள் த்ரெட் இன்னும் வரவில்லை' என்று பையருக்கு எழுதினால், துணி ரெடி, தையல் நூல் கடையிலிருந்து வரவேண்டும், இரண்டு நாள் வேலை என்று நினைத்துக்கொள்வார். நிஜத்தில் யார்னே வரவில்லை என்றால் நிட்டிங், டையிங், கட்டிங் எல்லாமே நிற்கிறது. ஒரே 'நூல் வரலைங்க', இங்கிலீசில் இரண்டு நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் உள்ள தூரம்.

நூல் என்று வந்தபிறகு நம்பரையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருபவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள். 30-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கஜம் கொண்ட சிட்டம் 30 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. 40-ஆம் நம்பரில் 40 சிட்டம் சேர வேண்டும். அப்படியானால் நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது. இதற்கு அவர்கள் கவுண்ட் என்கிறார்கள், சைஸ் என்பதில்லை. சைஸ் என்று எழுதினால் சட்டை அளவுக்குப் போய்விடுவார்கள்.

துணிக்கு வருவோம். 'துணி வாங்கணும்' என்றால் மீட்டர் கணக்கில் வாங்கும் கிளாத் அல்லது ஃபேப்ரிக். 'துணி துவைக்கணும்' என்றால் உடுத்தும் கிளோத்ஸ். அந்த கிளோத்ஸுக்கு ஒருமை கிடையாது. ஒற்றைச் சட்டையைச் சொல்ல வேண்டுமென்றால் கார்மென்ட் என்று சொல்லலாம். 'கிளாத்ஸ்' என்று எழுதினால் மேஜை துடைக்கும் துணிகள் என்று ஆகும். பையர் மெயிலில் கிளாத், கிளோத்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு ஃபேப்ரிக், கார்மென்ட் என்று மட்டும் எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், குழப்பமே வராது.

பின்னலும் நெசவும் தமிழிலேயே தெளிவு. திருப்பூர் பின்னலாடை ஊர், வளையம் வளையமாகக் கோப்பது, நிட். சென்னிமலைப் பெட்ஷீட்டும் பவானி ஜமக்காளமும் பாவும் ஊடையும் வைத்து நெய்வது, வீவ். கரூர் வீட்டு உபயோகத் துணிகளிலும் நெசவுதான் அதிகம். கரூரிலிருந்து இங்கே வேலை மாறி வருபவர்கள் பழைய வாய்ப்பழக்கத்தில் நிட்டடு துணியை வோவன் என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இழுத்தால் நீளும் துணிக்கும் நீளாத துணிக்கும் உள்ள வித்தியாசம் அது.

நிறம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வேப்ப மரத்தடியில் வெயில் படாத இடம் ஷேட். வெயிலில் நடக்கும்போது நம் கூடவே தரையில் வரும் கறுப்பு உருவம் ஷேடோ. இரண்டும் நமக்கு நிழல்தான். ஆனால் டையிங் மாஸ்டர் 'ஷேட் வரலை' என்று சொல்வது வேறு கணக்கு. ஒரே நிறத்தின் கூடுதல் குறைச்சலுக்கு ஷேட் என்று பெயர். சிவப்புக்குப் பதில் நீலம் வந்தால்தான் கலர் மாறியது. சிவப்பு கொஞ்சம் வெளுத்தோ மங்கியோ வந்தால் ஷேட் மாறியது. லேப் டிப்போடு, அதாவது முன்கூட்டியே சாயம் போட்டுக் காட்டிய மாதிரித் துண்டோடு, ஒப்பிட்டு ஒரு லாட் லேசாக வெளிறியிருந்ததற்கு, 'தி கலர் இஸ் டிஃபரண்ட்' என்று எழுதி, பையரைத் தூக்கம் கெடச் செய்த ஆள் எங்கள் ஆபீசிலேயே உண்டு. 'ஷேட் இஸ் ஸ்லைட்லி லைட்டர்' என்று எழுதியிருந்தால் ஒரு துண்டை அனுப்பச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

சட்டை 'நல்லா இருக்கு' என்பதையும் பிரிக்க வேண்டும். அளவு சரியென்றால் ஃபிட் ஆகிறது. ஆளுக்கு எடுப்பாக இருந்தால் சூட் ஆகிறது. பேண்டோடு சேர்ந்து நன்றாக இருந்தால் மேட்ச் ஆகிறது. ஒரு பனியன் மூன்றில் ஒன்றில் தேறி இரண்டில் தோற்கலாம். ஃபிட் சாம்பிள் என்று பையர் கேட்டால் அளவு பார்க்கத்தான் கேட்கிறார், நிறம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். டி.டி.எம். என்று ஆர்டர் ஷீட்டில் இருந்தால், தையல் நூலோ பட்டனோ துணியின் நிறத்துக்கு மேட்ச் ஆகச் சாயம் ஏற்ற வேண்டும் என்று அர்த்தம்.

கை, கால், விரல் பற்றி ஒரே வரி: கை முழுவதும் ஆர்ம், மணிக்கட்டுக்குக் கீழே ஹேண்ட், சட்டையின் கை ஸ்லீவ், கால் முழுவதும் லெக், பாதம் ஃபுட், கை விரல் ஃபிங்கர், கால் விரல் டோ. விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது இது முக்கியம்.

மெயிலில் வழுக்கும் இடங்கள்

அளவுப் பட்டியல் வருகிறது. தோள் அளவில் ஒன்று புரியவில்லை. 'வீ ஹேவ் டவுட் இன் யுவர் மெஷர்மென்ட்' என்று எழுதுகிறோம். நமக்குச் சந்தேகம் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. வகுப்பில் வாத்தியார் "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று சொல்லி வளர்த்தது. இங்கிலாந்துக்காரருக்கு டவுட் என்றால் நம்பிக்கையின்மை. அவருடைய அளவே தப்பு என்று நாம் சொல்வதாகப் படிப்பார். அந்த இடத்தில் கொஸ்டின் என்று எழுதுங்கள். கொஞ்சம் ஆபீஸ் வாடை வேண்டுமென்றால் க்வெரி.

'ரிவர்ட்' நம் நாட்டு ஆபீஸ்களில் பதில் போடுவதற்கு எழுதப்படும் சொல். நம்மவர்களுக்குள் எழுதினால் ஒரு பிரச்சினையும் இல்லை. வெளியே அதற்கு முதல் பொருள், முன்பிருந்த நிலைக்கே திரும்புவது. காலர் டிசைனைப் பற்றிப் பேச்சு நடக்கும்போது 'வீ வில் ரிவர்ட் ஆன் தி காலர்' என்று எழுதினால், பழைய காலருக்கே போகப்போகிறீர்களா என்று கேட்பார்கள். ரிப்ளை என்றே எழுதுங்கள். தேதியை முன்னுக்கு இழுப்பதற்கு நாம் எழுதும் 'ப்ரீபோன்' சொல்லும் இதே ரகம். அழகான சொல்தான், ஆனால் வெளியே பலருக்குத் தெரியாது.

'வேணும்' தனிப் பக்கம் கேட்கும் சொல். ஆசையும் வேணும், தேவையும் வேணும், கட்டாயமும் வேணும். ஆசை வாண்ட், தேவை நீட், கட்டாயம் மஸ்ட், செய்தால் நல்லது ஷுட். 'நீங்க லேபிள் அனுப்ப வேணுங்க' என்று நாம் பணிவாகச் சொல்வதை 'யூ வாண்ட் டு சென்ட் லேபிள்' என்று எழுதினால், லேபிள் அனுப்ப உங்களுக்கு ஆசையா என்கிற மாதிரி ஆகும். 'யூ மஸ்ட் சென்ட்' என்றால் அதட்டல். நம் ஊரில் 'ங்க' ஒன்று போட்டால் எந்த வாக்கியமும் பணிவாகிவிடுகிறது. இங்கிலீசில் அந்த வசதி கிடையாது, 'வீ நீட் தி லேபிள்ஸ், குட் யூ ப்ளீஸ் சென்ட் தெம்' என்று தனித்தனியாகத்தான் பணிவைக் கட்ட வேண்டும்.

'மறு'வுக்கு நான் வைத்திருக்கும் வழி: வாயில் என்ன தமிழ் வாக்கியம் வருகிறது என்று பாருங்கள். 'நான் அதைச் செய்யலை' என்றால் டினை. 'நான் செய்யமாட்டேன்' என்றால் ரெஃப்யூஸ். 'இது வேண்டாம், எடுத்துட்டுப் போ' என்றால் ரிஜெக்ட். 'வேண்டாங்க, பரவாயில்லைங்க' என்றால் டிக்ளைன். ரெஃப்யூஸோடு 'ங்க' சேர்ந்தால் டிக்ளைன் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன், உடனே பிடித்துக்கொள்வார்கள். பட்டன் சப்ளையர் மாற்றித் தர மாட்டேன் என்றார் என்பதற்கு 'டினைடு' என்று எழுதினால் அரைகுறையாகத்தான் புரியும்.

'உறுதி'யும் இப்படியே. ஆளுக்கு உறுதி சொல்வது அஷ்யூர். வேலையை உறுதி செய்வது என்ஷ்யூர். காசு கட்டிக் காப்பது இன்ஷ்யூர். 'வீ என்ஷ்யூர் யூ' என்று முடியும் மெயில் வாரத்துக்கு ஒன்றாவது என் கண்ணில் படுகிறது.

போனில் பேசும்போது இன்னொன்று. பேச்சு முடிந்ததும் 'சரி, வர்றேனுங்க' என்று சொல்லும் பழக்கத்தில் 'ஓகே, ஐ ஆம் கமிங்' என்று சொல்லிவிடாதீர்கள். எங்கே வருகிறீர்கள் என்று கேட்பார்கள். போகிறேன் என்று சொன்னால் அபசகுனம் என்று நாம் 'போயிட்டு வர்றேன்' என்கிறோம், அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தேதியும் எண்ணிக்கையும்

இங்கே தமிழே நமக்குத் துணை. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று வாயில் வந்தால் பை. 'வெள்ளிக்கிழமை வரைக்கும்' என்று வந்தால் அன்டில், அல்லது டில். சாம்பிளை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கிறோம், ஆடிட்டர் வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பார். 'வீ வில் சென்ட் சாம்பிள் டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை தினமும் சாம்பிள் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று ஆகும். நாளைச் சொல்லாமல் இத்தனை நாளுக்குள் என்று காலத்தைச் சொன்னால் வித்தின். 'ரெண்டு வாரத்துல' என்று நாம் சொல்வது மட்டும் ஏமாற்றும். இரண்டு வாரம் முடிந்தபிறகா, அதற்குள் எப்போது வேண்டுமானாலுமா? இங்கிலீஷ் 'இன் டூ வீக்ஸ்' பொதுவாக முடிந்தபிறகுதான்.

தாமதத்திலும் அப்படித்தான். தேதி 'தள்ளிப்போச்சு' என்றால் டிலே, 'தள்ளிப்போட்டோம்' என்றால் போஸ்ட்போன். கரண்ட் இல்லாமல் வேலை நின்றதற்கு 'வீ போஸ்ட்போன்டு' என்று எழுதினால் வேண்டுமென்றே செய்தோம் என்று ஒத்துக்கொண்ட மாதிரி.

பீஸ், பேக், செட் மூன்றையும் ஒருபோதும் சேர்த்துக் குழப்பாதீர்கள். ஒரு பேக்குக்கு 3 பீஸ் என்றால் 10,000 பேக் ஆர்டர் 30,000 பீஸ். நூல் வாங்குவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் சிரிப்பு, பின்னால் கண்டுபிடித்தால் அழுகை.

அனுப்பும் பட்டனை அழுத்தும் முன்

எழுதி முடித்த மெயிலைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சுத் தமிழில் சொல்லிக்காட்டுங்கள். அவர் "எதைச் சொல்றீங்க?" என்று எங்கேயாவது கேட்டால் அந்த இடத்தில்தான் கோளாறு. அங்கே சொல்லை மாற்றித் தேடி நேரத்தை ஓட்டாமல், நடந்ததை நடந்தபடி தேதியோடு எழுதிவிடுங்கள். என் பழைய மெயிலை இன்றைக்கு எழுதினால் 'ஷிப்டு' என்ற சொல்லே வராது. லாரி கம்பெனியை விட்டு 14-ஆம் தேதி கிளம்பியது, ஃபார்வர்டரிடம் 15-ஆம் தேதி ஒப்படைக்கிறோம், கப்பல் 22-ஆம் தேதி கிளம்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று மூன்று வரி. இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் யாரும் தப்பாகப் படிக்க முடியாது.

சொல்லைச் சரிபார்க்க, இங்கிலீஷ் கற்பவர்களுக்கென்றே எழுதிய லேர்னர்ஸ் டிக்‌ஷனரி எதையாவது போனில் வைத்துக்கொள்ளுங்கள். பொருளைப் படிப்பதைவிட அதில் வரும் உதாரண வாக்கியங்களைப் படியுங்கள். பொருளுக்கான சொல் என்றால் படத் தேடல் இன்னும் சுலபம். யார்ன், த்ரெட் இரண்டையும் தட்டிப் பாருங்கள், ஒரு நொடியில் விளங்கும்.

எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். பிக், லார்ஜ் என்று சட்டை லேபிள் தவிர வேறெங்கும் மண்டையை உடைக்க அவசியமில்லை. ஸ்டார்ட், பிகின் எது எழுதினாலும் வேலை நடக்கும். காசு, தேதி, எண்ணிக்கை, குற்றம் இந்த நாலில் ஒன்றைத் தொடும் சொல்லா என்று பாருங்கள். தொடவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தொடுகிறது, எவ்வளவு தேடியும் பிடிபடவில்லை என்றால் பையரிடமே கேட்டுவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மெயிலின் தலைப்பில் 'டவுட்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.